சர்வரில் ஆத்மநாதன்

பிரகதீஸ்வரியின் கணவர் ஆத்மநாதன், குளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர். திருச்சி ரோட்டில் பைக்கோடு விழுந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே இறந்துபோனார். காரியம் முடிந்த மறுவாரம் அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். அவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. போனாள்.

சர்வருக்கு மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, ஓரத்தில் விட்டுவிட்டு மின்னும் ஒரு கோடு. எல்லாம் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். லேப் அசிஸ்டென்ட் ஷர்லி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

“முதல்ல pwd அடிங்கக்கா. எந்த இடத்துல நிக்கிறோம்னு சொல்லும். பொதுப்பணித் துறையாட்டம் இருக்கேன்னு எல்லாரும் சிரிப்பாங்க.”

பிரகதீஸ்வரி சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். ls போட்டால் அங்கே இருப்பதைக் காட்டும். cd போட்டால் வேறு இடத்துக்குப் போகலாம். வீட்டில் சோறு வடிப்பதைப் போலவே இதையும் செய்தாள், கை செய்தது.

மூன்றாம் மாதம் ஒருநாள், மாணவர்கள் அனுப்பிய ரெக்கார்டு எதுவும் சர்வரில் ஏறவில்லை. அவளே df அடித்துப் பார்த்தாள். டிஸ்க் நூறு சதம் நிரம்பியிருந்தது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று du போட்டுத் தேடினாள். வரிசையில் முதலில் நின்ற ஃபோல்டரின் பெயர் athmanathan.

ஷர்லி எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். “நீங்க அங்கிட்டு உக்காருங்கக்கா. நான் பாத்துக்கறேன்.”

“இல்ல ஷர்லி. நானே பாக்குறேன்.”

உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழைய பேக்கப், வருகைப் பதிவு, ஒரே பாடத்திட்டம் நாலு பிரதி. வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்தாளா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. காலேஜுக்கு வேண்டியதை வேறொரு டிஸ்கில் ஏற்றி, சரியாக ஏறியதா என்று இரண்டு தரம் பார்த்தாள். பிறகு அந்த ஃபோல்டரை அழிக்க rm அடித்தாள். அடுத்த வரியில் கோடு மறுபடி மின்னியது.

“அழிச்சிட்டேன்னுகூட சொல்லாதா?”

“சொல்லாதுக்கா. தப்பாப் போனாத்தான் சொல்லும்.”

திரும்ப df போட்டாள். அறுபத்திரண்டு சதம். பக்கத்து அறையில் மாணவர்கள் “ஏறிருச்சு மேடம்” என்று சத்தம் போட்டார்கள். ஷர்லி அவள் தோளில் கை வைத்தாள். அது கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்துகொண்டாள்.