உரசலுக்குப் பயந்த ராஜசிங் அண்ணாச்சி

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அடையாள அட்டைக்குப் படம் பிடித்த அன்று, ராஜசிங் அண்ணாச்சி எனக்கு மட்டும் முக்காலியை லேசாகத் திருப்பிப் போட்டார். வெயில் கண்ணைக் கூசும் தங்கச்சி, இப்படித் திரும்பி உட்காருங்கள் என்றார். என் இடது கன்னத்தில் பழைய தீக்காயம் உண்டு. அட்டை கைக்கு வந்தபோது வலது கன்னம்தான் முன்னால் தெரிந்தது. அது உச்சி வேளை, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெயில் ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஏழாயிரம்பண்ணையில் எங்கள் கோவிலுக்குப் பின்தெருவில் அவர் வீடு. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, எல்லாவற்றுக்கும் படம் அவர்தான். பட்டாசுக் கம்பெனிகளுக்கும் எடுப்பார். புதுச் சரக்கைக் கொளுத்திப் பார்க்கிற அன்றே பெட்டி லேபிளுக்குப் படம் வேண்டும். பல வருஷமாகச் சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னக் கேமராதான் வைத்திருந்தார். பித்தானை அமுக்கினால் அதன் மூக்கு தானாக நீளும், தூரத்தில் இருப்பது கிட்டே வரும். வேலியோரம் நின்றே எடுத்துவிடுவார்.

போன வருஷம் சீசனுக்கு முன்னால் அந்த மூக்கு நீண்டபடியே இறுகிப்போனது. நாகர்கோவிலில் நர்ஸாக இருக்கிற மகள் ஜாஸ்பின், லீவில் வந்தபோது புதுக் கேமரா வாங்கி வந்தாள். பெரியது, லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. கிட்டத்துக்கு ஒரு குட்டை லென்ஸ், தூரத்துக்கு ஒரு நீள லென்ஸ். குட்டையை மாட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சி அதைக் கழற்றவே இல்லை. கழற்றினால் இரும்பும் இரும்பும் உரசித் திரும்பும். அவருடைய அப்பா வெடிமருந்து கலக்கிற மருந்து அறையில் வேலை பார்த்தவர். தகர டப்பாவின் மூடியைத் திருகும்போது உரசித் தீப்பிடித்துப் போய்ச் சேர்ந்தவர். கேமராவுக்குள் மருந்து இல்லை என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், கம்பெனிக்குப் பின்னால் கரிசல் காட்டில் புதுப் புஸ்வாணம் கொளுத்திப் பார்த்தார்கள். பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் போயிருந்தேன். ஆட்கள் கிட்டே வராமலிருக்கச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது, அண்ணாச்சி குட்டை லென்ஸோடு அதற்கு உள்ளே போனார். வேலியோரம் நின்றால் அதில் எல்லாம் கடுகாகத் தெரியுமாம். கொளுத்துகிற போர்மேன் கோட்டைச்சாமி சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, கேமராவா புதுப் பொண்டாட்டியா? தொட இம்புட்டு வெக்கப்படுதீக?"

புஸ்வாணம் பூக்கவில்லை. அடியோடு வெடித்தது. புகை விலகியபோது அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார், சட்டைக்கை கருகியிருந்தது. கேமராவை நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தார். அந்தச் சத்தம் என் கன்னத்துக்குத் தெரியும்.

அச்சாபீஸ் காத்திருக்கிறது, இன்னொன்று கொளுத்தியே ஆகவேண்டும் என்றார்கள். அண்ணாச்சி மறுபடி கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"நீள லென்ஸை மாட்டுங்க அண்ணாச்சி. இனிமே கிட்டப் போகாதீக."

"கை வரல தங்கச்சி."

"அப்ப மருந்து டப்பாவைத் திறக்குற மாதிரியே திறங்க."

அவர் மருந்து அறை வாசலுக்குப் போய், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக உள்ளே போகிறவர்கள் எல்லாரும் தொடுகிற தாமிரத் தகட்டில் இரண்டு கையையும் வைத்தார். காட்டுக்குத் திரும்பி வந்து பருத்தித் துண்டை விரித்து உட்கார்ந்தார். எல்லாரையும் எட்டப் போகச் சொன்னார். எல்லாரும் போனார்கள். கோட்டைச்சாமியும் கேலி பண்ணாமல் போனார். என்னையும் போகச் சொன்னார், நான் போகவில்லை. ஆண்டவரே என்று ஜெபம் பண்ணத் தொடங்கினேன்.

கண்ணை மூடிக்கொண்டு திருகினார். கிறீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், லென்ஸ் கையோடு வந்துவிட்டது. அவர் முகத்தில் வேர்வை ஓடியது. நீள லென்ஸை மாட்டி, வேலியோரம் போய் நின்று படம் எடுத்தார். இந்த முறை நன்றாகப் பூத்தது.

அதற்குப் பிறகும் தகட்டைத் தொடாமல் லென்ஸை மாற்றமாட்டார். ஞானஸ்நான வீட்டில் தகடு ஏது? தரையைத் தொட்டுக்கொள்வார். சாமி கும்பிடுகிறார் என்று நினைப்பார்கள்.

அந்த வெடிச் சத்தத்தில் அவருக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும் ஜாஸ்பின் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயே ஆவணியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் ஊரை விட்டுப் போன அன்று கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடப் போயிருந்தேன். காது மந்தமானதால், பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சன்னல் வழியாகச் சத்தமாகச் சொன்னார்.

"மருந்து ரூம் பக்கம் வேலை போட்டா முடியாதுன்னு சொல்லிருங்க தங்கச்சி. எனக்குப் பயமாயிருக்கு."