தர்க்க வாத்தியாரின் கீரைப் பாத்தி

மண்ணைத் தொடாதவன் பி.ஏ. படித்து என்ன பிரயோசனம் என்று எங்கள் ராயபுரத்துக் கல்லூரிப் பிரின்சிபாலுக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. இலக்கியமும் சரித்திரமும் படிக்கிற பையன்கள் இனி வாரம் இரண்டு நாள் விவசாயமும் படிக்க வேண்டுமாம். சரி, யார் சொல்லிக்கொடுப்பது? தர்க்கம் எடுத்துக்கொண்டிருந்த என் தலையில் கட்டினார். என் வேலை அப்போது தற்காலிகம். அது நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று பொன்னேரியில் நெல் போடுகிற என் மாமனார் கல்யாணமானதிலிருந்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார். விவசாய இலாகா அதிகாரி வந்து மெச்சினால் நிரந்தரம் என்றார் பிரின்சிபால். நான் என்ன, மாட்டேன் என்றா சொல்வேன்?

கல்லூரிக்குப் பின்னால் மணலைக் கொத்தி, எரு போட்டு, முளைக்கீரை விதைத்தோம். இரண்டு விதமாய்ச் செடி வந்தது. ஒன்று நோஞ்சான். இன்னொன்று தளதளவென்று நின்றது. எது கீரை? என் பையன்களுக்கு வலையில் விழுகிற அத்தனை மீனுக்கும் பெயர் தெரியும். கீரையைக் கட்டாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான், ஆனால் நான் வாத்தியார். வளர்க்கத் தகுந்தது செழிப்பாக இருக்கும். செழிப்பாக இருப்பது இது. ஆகவே இதுதான் கீரை என்று முடிவுகட்டி, நோஞ்சானையெல்லாம் பிடுங்கச் சொன்னேன். காசிமேட்டுப் பையன் ஒருவன் பிடுங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இன்னா சார், இது கீரை மாரி கீதே” என்றான். ஆதாரம் என்ன என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

அதிகாரி வந்தார். பாத்தியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில், “தோட்டம் முழுக்க ஒரே களையாக இருக்கிறதே” என்றார். அப்பாடா! எல்லாம் உங்கள் ஆசீர்வாதம் என்று கும்பிட்டேன். பிரின்சிபால் ஒருபடி மேலே போய், அடுத்த வருஷம் இன்னும் களையாக்கிக் காட்டுகிறோம் என்று சொல்லி அவருக்கு மாலையே போட்டுவிட்டார். மனுஷர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கே நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. தோட்டத்தை மெச்சி வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்று மாமனாருக்குத் தந்தி அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அதிகாரியின் அறிக்கை வந்தது. பிரின்சிபால் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். வளர்ந்திருப்பது முழுக்கக் குப்பைமேனி, கீரை ஒன்றுகூட இல்லை, இதைச் சொன்னதற்கு ஆசிரியர் கும்பிட்டார், பிரின்சிபால் மாலை போட்டார் என்று இங்கிலீஷில் பளிச்சென்று எழுதியிருந்தது. வேலையும் போச்சு, பெண்டாட்டியும் போச்சு என்று நின்றேன்.

பிரின்சிபால் அறிக்கையை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். “உம்மை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் நான் போட்ட மாலையும் வெளியே வரும். போய்த் தர்க்கத்தைப் பாரும்” என்றார்.

மறுநாள் மாமனாரே பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். வண்டியை விட்டு இறங்கினார், செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மாப்பிள்ளை, தோட்டத்தை ஒருநடை பார்த்துவிட்டு வந்துவிடலாமா?”