சகலையின் வெள்ளைக் கார்

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் எனக்குச் சகலை. நல்ல உயரம், தலை நிறைய முடி, யாரிடமும் குரல் உயர்த்தாத குணம். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கல்யாணமான நாளிலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் கறுப்பில் பெரிய கார் ஒன்று எடுத்தபோது, பழைய வெள்ளைக் காரை நான் வாங்கிக்கொண்டேன். சும்மா வாங்கவில்லை, காசு கொடுத்துத்தான். ஆனால் கச்சிராயபாளையத்தில் என் மாமியார் அதை விடாமல் 'பெரிய மாப்ள காரு' என்றுதான் சொல்வார். "பெரிய மாப்ள கார எடுத்துக்கினு போயி நெல்லு அரைச்சிக்கினு வந்துடுங்களேன், மாப்ள" என்று என்னிடமே சொல்வார். அந்த வீட்டுக்கு நான் டிரைவராகச் சேர்ந்தது போல இருக்கும்.

ஒருமுறை மனைவியோடு மலைமேல் இருக்கும் கரியாலூர் போனேன். சகலை கொஞ்ச காலம் அந்த மலையில் வாத்தியாராக இருந்தவர். இந்தக் காரில்தான் போய்வந்தார். டீக்கடையோரம் நிறுத்திவிட்டு நாங்கள் இறங்குவதற்குள் கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். வாயில் வைத்தால் சர்க்கரையே இல்லை.

"சாரு காராச்சே, அதான் சக்கரை போடல" என்றார் கடைக்காரர்.

சர்க்கரை இல்லாமல் குடிப்பவர் என் சகலை. மலை இறங்கும்வரை அந்தக் கசப்பு என் நாக்கை விட்டுப் போகவில்லை. காரின் நிறத்தை மாற்றியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க ஒட்டும் ஃபிலிம் இப்போது கலரிலும் வருகிறது. கரும்பச்சையில் ஒரு சுருள் வரவழைத்தேன். கடையில் விட்டால், அது சகலைக்குத் தெரிந்த கடையாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையும் அவருக்கே போகும். அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லீவு போட்டு, கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன்.

இந்த வேலைக்குத் தூசிதான் எதிரி. தரையை நனைத்து, மேலே தார்ப்பாய் கட்டினேன். காரின் மேல் ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, அதில் ஃபிலிமை மிதக்கவிட்டு, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும். வளைவுகளில் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் ஃபிலிம் இழுத்த இழுப்புக்கு வரும். கதவுகள் எல்லாம் முகம் பார்க்கலாம் போல வந்தன. மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "அக்கா வூட்டுக்காரரு பார்த்தா அசந்துடுவாரு" என்றாள். அப்போதும் அவள் வாயில் அவர்தான் வந்தார்.

கடைசியாக பானெட். ஃபிலிமின் அடித்தாளை உரித்து, பசைப்பக்கம் மேலே தெரிய இருவரும் தூக்கிப் பிடித்திருந்தோம். பின்பக்கத்து வயலிலிருந்து புகை எழுந்தது. கரும்பு வெட்டி ஆலைக்குப் போன வயல் அது. வெட்டியபின் கிடக்கும் காய்ந்த சோகையைக் கொளுத்துவார்கள். பாம்பு வருகிறது, சீக்கிரம் கொளுத்துங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் அந்த வயல்காரரை அரித்தெடுத்தவன் நான்தான். கரும்புகைக்குள்ளிருந்து சாம்பல் பறந்து வந்து, ஆற அமரப் பசையின் மேல் உட்கார்ந்தது.

வயல்காரர் வேலியோரம் வந்து நின்றார். "லீவுல வூட்லதான் இருக்கறீங்கன்னு சொன்னாங்க சார். அதான் இன்னிக்கே கொளுத்திட்டேன். இனிமே பாம்பு பயம் இல்ல" என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

மாற்றி ஒட்ட வேறு துண்டு இல்லை. அதையே ஒட்டினோம். பானெட் முழுக்க, பச்சைக்கு அடியில், எள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள்.

கிறிஸ்துமஸ் அன்று மாமியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமியார் எட்டிப் பார்த்து, "யாரு காரு இது?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இறங்கியது நான் என்று தெரிந்ததும் காரைச் சுற்றிவந்து, "ஷோக்கா இருக்குதே! பெரிய மாப்ள ஒட்டிக் குடுத்தாரா?" என்றார்.

"இவரே ஒட்டினாரும்மா" என்றாள் என் மனைவி. "மாமா ஒட்டியிருந்தா உள்ள சாம்பல் இருக்குமா?"

எனக்காகப் பேசினாளா, என் மானத்தை வாங்கினாளா என்று இன்றும் தெரியவில்லை. முன்னமே வந்திருந்த சகலை குனிந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார். "சாம்பலா? எங்க தம்பி, ஒண்ணும் தெரியலியே" என்று கூசாமல் பொய் சொன்னார். அந்தப் பெருந்தன்மையில் எனக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் எல்லோரும் இரண்டு கார்களில் கரியாலூர் போனோம். அதே டீக்கடை. நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் பச்சைக் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களுக்கு சக்கரை போடலாங்களா சார்?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும். "ஜாஸ்தியாவே போடுங்க" என்றேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும் இனிப்பு. நிதானமாகக் குடித்தேன்.

பின்னாலேயே கறுப்புக் கார் வந்து நின்றது. கடைக்காரர் அதற்குமுன் அந்தக் காரைப் பார்த்ததில்லை. அப்போதும் அதை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இறங்கிய சகலையின் முகத்தைத்தான் பார்த்தார். எதுவும் கேட்காமல் சர்க்கரை இல்லாத டீயைப் போட்டு, பெஞ்சைத் துடைத்துவிட்டு, "இன்னா சார், இவ்ளோ நாளா ஆளையே காணோம்?" என்று கையில் கொடுத்தார்.

என் டீ பாதியிலேயே திகட்டிவிட்டது.