முன் டயர் இரண்டும் என்னுடையவை

நான் இருக்கும் ஊரில் பிக்கப் வண்டி ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். ஏறி உட்காரவே படி வேண்டும். பின்தொட்டியில் ஒரு கல்யாண வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றிவிடலாம். ஆனால் அதில் ஒன்றுமே இருக்காது. பனி கொட்டிக்கிடக்கும் காலையில் ஒரே ஒரு ஆள் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டி வந்து, ஒரு காபி வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார். கனடாவுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. காலி பிக்கப்பைப் பார்த்தால், இலை போட்டுச் சோறு வைக்காத பந்தியைப் பார்த்ததுபோல் மனசு பதறுகிறது.

ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு டயர் கடை, அங்கேதான் எனக்கு வேலை. பில் போடுகிற வேலை இல்லை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டயர் மாற்றுகிற வேலை. இங்கே பனிக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுவார்கள். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் பிக்கப் வந்தது. பாரத்துக்குத் தகுந்த டயர் போட வேண்டுமே என்று, "பின்னால் என்ன ஏற்றுவீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் நன்றாக யோசித்துவிட்டு, "பெரும்பாலும் என் நாய்தான்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. செல்போனை எடுத்து அந்த நாயின் படத்தைக் காட்டினார். நல்ல நாய்தான். என் மேலாளர் டக் என்னைத் தனியே அழைத்துப் பாடம் சொன்னார்: ஆளிடம் எதுவும் கேட்காதே, கதவைத் திற, ஸ்டிக்கரைப் படி, டயரை மாட்டு. வண்டி எவ்வளவு பாரம் தாங்கும், எந்த டயர் போடலாம் என்பதெல்லாம் ஓட்டுநர் பக்கத்துக் கதவோரம் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். அன்றிலிருந்து ஸ்டிக்கர்தான் எனக்கு வேதம்.

நான் பிறந்த பூண்டி கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறையும் மன்னவனூரும் தாண்டி உள்ளே இருக்கிறது. அங்கே எங்கள் அண்ணன் தங்கவேலிடமும் ஒரு பிக்கப் உண்டு. கல்யாணத்துக்கு முன் நான் வண்டி ஓட்டப் பழகியதே அதில்தான். ஆல்பர்ட்டா வண்டியில் பாதிகூட இருக்காது. ஆனால் அது சுமக்கிற சுமையை இங்கே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அறுவடைக் காலத்தில் முப்பத்தாறு மூட்டை மலைப்பூண்டை ஏற்றி, மேலே கயிறு இழுத்துக் கட்டி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார, வடுகபட்டி சந்தைக்கு வண்டி மலை இறங்கும். கம்பெனிக்காரன் பாரக் கணக்கு எழுதிய ஸ்டிக்கர் எங்கள் வண்டியிலும் உண்டு. அதன்மேல் அண்ணன் பழனி முருகனை ஒட்டிவிட்டான். இனி எத்தனை மூட்டை ஆனாலும் பொறுப்பு முருகனுடையது.

போன பிப்ரவரியில் ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன். பத்து வருடத்தில் இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் நான் கொண்டுவரும் சாமான் மறுவாரமே பீரோவுக்குள் போய்விடும். "நீ வாங்கியாந்தது, அழுக்காயிரும்ல" என்பாள் மதினி. நான் போன தடவை வாங்கி வந்த குளிர்ச்சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் கிடக்கிறது. அண்ணனோ கிழிந்த ஸ்வெட்டரோடு தோட்டத்துக்குப் போகிறான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வீட்டில் தினமும் புழங்குகிற பொருள் ஒன்றாவது என் பெயரில் இருக்க வேண்டும், பீரோவில் வைத்துப் பூட்ட முடியாத பொருளாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் வண்டியின் டயர்களைப் பார்த்தேன். நான்கும் நான்கு தினுசு. பின்னால் இருந்தவை கட்டை போலத் தடித்து, மேலே புது ரப்பர் ஒட்டிய பழசு. டக் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நகத்தால் முருகனின் ஓரத்தைக் கொஞ்சம் கிளப்பி, அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டேன். வத்தலக்குண்டில் சோலி இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லி, மதினியையும் ஏற்றிக்கொண்டு வண்டியோடு மலை இறங்கினேன். மதினி மளிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். நான் சிக்கந்தர் பாயின் டயர் கடைக்குப் போனேன்.

"உங்கண்ணன் எத்தன மூட்டம்மா ஏத்துவாரு?" என்று பாய் முதலில் கேட்டார்.

"வண்டியில என்ன எழுதியிருக்கோ அம்புட்டுத்தான் பாய்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எழுதுனவன் பூண்டிக்கு வந்து பாத்திருக்கானாம்மா?"

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் தடித்த பாரவண்டி டயரைக் காட்டினார். அது அலுங்கிக் குலுங்கித் தூக்கிப்போடும், எனக்கு வேண்டாம் என்றேன். கம்பெனி சொன்ன அளவில், மெத்தென்று ஓடுகிற டயர் நான்கைக் கைகாட்டி, கனடாவில் எனக்கு டயர் கடையில்தான் வேலை என்றேன். "நீங்க அங்க பில்லு போடுற சோலியாம்மா?" என்று பாய் சந்தேகமாகக் கேட்டார். முந்தானையைச் செருகிக்கொண்டு, அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி உட்கார்ந்துவிட்டேன். சக்கரங்களை நானே கழற்றினேன், நானே மாட்டினேன். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கியதைப் பார்த்து, "ஏலே, கடைய விட்டுட்டு எல்லாரும் இங்க வாங்கலே! பூண்டிப் புள்ள வேல பாக்குறதப் பாருங்கலே!" என்று பாய் தெருவையே கூட்டிவிட்டார். சர்பத் கடைக்காரர் எனக்கு ஒரு கண்ணாடித் தம்ளர் சர்பத் அனுப்பினார். பத்து வருடம் பனியில் விரல் விறைக்கக் கற்றுக்கொண்ட வேலைக்கு என் சொந்த மண்ணில் கிடைத்த முதல் மரியாதை அது. கிளம்பும்போது பாய், "பழச ஒரு வாரம் இங்கனயே கெடக்கட்டும்மா" என்றார். இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மதினி டயர்களுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணன் வண்டியை முன்னே எடுத்தான். இறங்கி ஒரு சுற்று வந்தான். "சீர் செய்ய வேண்டியவன் நானு. நீ எனக்குச் சீர் கொண்டாந்துட்டியா பாப்பா?" என்றான். பின் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தான். "அருமையா இருக்கு" என்றான். பூம்பாறை வரை காலி வண்டியில் போய் வந்தோம். "தொட்டில்ல போற மாதிரில்ல இருக்கு!" என்று வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் சந்தை. நானும் வருகிறேன் என்று வெள்ளனே எழுந்து வந்தால், வண்டியில் பதினெட்டு மூட்டைதான் ஏறியிருந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டேன். "இன்னும் காயல பாப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் அண்ணன். மதினி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். வண்டி அலுங்காமல் இறங்கியது. பெருமாள்மலை தாண்டி ஒவ்வொரு வளைவிலும் அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி மெச்சிக்கொண்டே வந்தான். ஆல்பர்ட்டாவில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய தேவை வராது. அங்கே வருடம் முழுக்கத் திரும்பாததை எல்லாம் இந்த ஒரு காலையில் திரும்பித் தீர்த்துக்கொண்டேன்.

வடுகபட்டியில் சரக்கு இறக்கும் இடத்தில், எங்களுக்கு முன்னால் இன்னொரு பிக்கப் நின்றது. பக்கத்துத் தோட்டத்து மாரி அண்ணனுடையது. அதிலிருந்து இறங்கிய மூட்டைகளின் வாய் ஊதாக் கரைத் துணியால் தைத்திருந்தது. அது மதினியின் பழைய சேலைக் கரை. எங்கள் வீட்டு மூட்டையைத் தவிர வேறெதிலும் இருக்காது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாரி அண்ணன் எங்கள் வண்டியைக் கண்டுவிட்டார். "தங்கவேலு, உன் பதினெட்டும் எறக்கியாச்சுப்பா. வெரசா வந்து நில்லு. அடுத்த வாரமும் எனக்குத்தான் பாதியா?"

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திருட்டு மாங்காயோடு அகப்பட்டவனைப்போல நின்றான்.

"காயலன்னு சொன்ன?" என்றேன்.

"அது வந்து… முப்பத்தாறையும் ஏத்துனா உன் டயரு புடைச்சுக்கிட்டு நிக்கும் பாப்பா. வளைவுல தாங்காது. அமுக்கிப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"ஆசையா வாங்கியாந்திருக்க. நீ ஊருக்குப் போற வரைக்குந்தான? அப்புறம் ஏதாச்சும் பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

முதலில் வெட்கமாக இருந்தது. பத்து வருடம் டயரோடு புழங்குகிறவள், பூண்டு மூட்டைக்கு நடுவில் பிறந்தவள், பாரத்தைப் பார்க்காமல் ஸ்டிக்கரைப் பார்த்து டயர் வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னைச் சுட்டது அது அல்ல. 'நீ போகிற வரைக்கும்' என்ற சொல்தான் சுட்டது. விருந்தாளியிடம்தான் உப்பில்லாத குழம்பை அருமை என்போம். நான்கு டயரையும் ஓட ஓடவே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, நான் விருந்தாளியா? தப்புப் பண்ணுனா வையி. ஓட்டப் பழகயில நான் வண்டியைக் கேரட் பாத்தியில எறக்குனப்ப வஞ்சேல்ல, அப்படி வையி."

அண்ணன் என்னைப் பார்த்தான், மாரி அண்ணனைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான். "கூறுகெட்ட கழுத! காரு டயரக் கொண்டாந்து மூட்ட சுமக்குற வண்டிக்கு மாட்டியிருக்கியே, கனடாவுல உனக்கு எவன் வேல குடுத்தான்? முட்டையிடுற கோழிக்குத்தான் வலி தெரியும், உனக்கு எங்கிட்டுத் தெரியும்? மூணு நாளா வாய மூடிக்கிட்டு இருந்ததுல எனக்கு நெஞ்சே அடச்சுப்போச்சு!" சந்தையே திரும்பிப் பார்த்தது. அவன் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்புப் பொங்கியது. அவனும் பாதியில் சிரித்துவிட்டான். ஊதாக்கரை மூட்டைமேல் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பத்து வருடத்தில் நான் உண்மையாக ஊருக்கு வந்து சேர்ந்தது அந்த நிமிடத்தில்தான்.

திரும்பும்போது வத்தலக்குண்டுக்குப் போனோம். பாய் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். உள்ளே போய் எங்கள் பழைய பின் டயர் இரண்டையும் உருட்டிக்கொண்டு வந்தார். "நாலு நாள்ல வருவீகன்னு நெனச்சேன், மூணே நாள்ல வந்துட்டீக" என்றார். அங்கே எங்களுக்குள் ஒரு பேச்சு முடிந்தது. பின்னால் தடித்த டயர். முன்னால் என் டயர் இரண்டும் அப்படியே இருக்கட்டும், முன்பக்கம் பாரம் குறைவுதானே என்றான் அண்ணன். நானும் சும்மா விடவில்லை. டயரில் பாதியை நான் விட்டுக்கொடுத்தால் மூட்டையில் நீ விட்டுக்கொடு என்றேன். பேரம் பேசிப் பேசி, முப்பத்தாறு இருபத்தைந்தாக இறங்கியது. ஸ்டிக்கர் கணக்குக்கு அதுவே கொஞ்சம் கூடுதல்தான். டக்குக்குத் தெரிய வேண்டாம். அண்ணன் முருகனை மெல்ல உரித்து, ஒரு சாண் மேலே ஒட்டினான். "இனி அவருக்கும் கொஞ்சம் பாரம் கொறையும்" என்றான். பின் டயர்களை நான்தான் மாட்டினேன். சர்பத் மறுபடியும் வந்தது.

இப்போது மறுபடியும் ஆல்பர்ட்டாவில் இருக்கிறேன். இங்கே பனி வழுக்காமல் இருக்கச் சாலையில் பொடிக்கல் தூவுவார்கள். அது டயரின் பள்ளங்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும்; திருப்புளியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. நேற்று அந்த நாய்க்காரப் பெரியவரின் டயரில் கல் எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். எடுத்ததுமே திட்டுதான். "ஏ பாப்பா, என்ன டயரு வாங்கிக் குடுத்திருக்க நீ? பூண்டியில கெடக்குற கல்லு பூராம் உன் டயருக்குள்ளதான் போய் உக்காருது. எம் பின் டயர்ல ஒண்ணுகூட நிக்கிறதில்ல. தெனமும் உங்க மதினி கம்பிய வச்சு நோண்டிக்கிட்டுக் கெடக்கா."

"குடு அவகிட்ட" என்றேன். போன் கைமாறியது. டொக், டொக் என்று கல் தகர டப்பாவில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் கையிலிருந்த கனடாக் கல்லைத் தரையில் போட்டேன். "அங்க என்ன சத்தம்?" என்றாள் மதினி.

"அதே சோலிதான் மதினி" என்றேன்.