டிக் விழாத பதினேழாம் பக்கம்

கப்பல் கட்டும் தளத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி. என்ஜின் பிரிவில் பதினெட்டு வருடம் உழைத்ததற்குக் கிடைத்த பட்டம் அல்ல அது. கணவனின் தங்கை ஆறு வருடத்துக்கு முன் அதே பிரிவில் சேர்ந்து, ‘அண்ணி, அண்ணி’ என்று வளைய வந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்குச் சிபாரிசு செய்ததே அண்ணிதான்.

அந்த நாத்தனார்தான் இப்போது குழுத் தலைவி! வெளிநாட்டுக் கடற்படை ஒன்றுக்கு நான்கு ரோந்துக் கப்பல்கள் கட்டி அனுப்ப வேண்டும். அவற்றுக்கான என்ஜினை எந்த நாட்டு நிறுவனத்திடம் வாங்குவது என்று முடிவு செய்யும் குழு அது. செய்தி வந்த அன்று மாமியார் ஒருவர் விடாமல் எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் போன் போட்டாள். அண்ணி சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள்.

“பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றான் கணவன்.

“உங்க தங்கச்சிக்கு மேளம் வேண்டாமா? அதான் கொட்டறேன்.”

என்ஜின் நிறுவனங்களை ஒப்பிட்டு நாத்தனார் எழுதிய அறிக்கை சரிபார்க்க அண்ணியிடமே வந்தது. ஒவ்வொரு பக்கமும் படித்து முடித்ததும் ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக், கடைசியில் கையெழுத்து. அதுதான் அவள் வழக்கம். பதினேழாம் பக்கத்தில் பேனா நின்றது.

முதலிடம் பெற்ற நிறுவனத்தின் நாட்டு அரசாங்கம் கொடுத்த அனுமதிக் கடிதம் அது. ஆனால் நம் நாட்டுக் கடற்படைக்கு முன்பு இந்தத் தளம் கட்டிய கப்பல்களுக்காகக் கொடுத்தது. அந்த என்ஜினோடு கப்பலை வேறு நாட்டுக்கு விற்க அதில் அனுமதி இல்லை. அவசரத்தில் பழைய கோப்பிலிருந்து உருவி வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி! இதை நம்பி என்ஜினைப் பூட்டினால், கட்டி முடித்த கப்பல் தளத்திலேயே கிடக்கும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயிற்றெரிச்சல் வாயைக் கட்டியது. விழட்டும்! வாங்க வந்தவர்கள் கண்ணெதிரிலேயே விழட்டும்! அண்ணி பக்கத்தைப் புரட்டினாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை கூட்ட அறையில் பொது மேலாளர் உட்கார்ந்துவிட்டார். வாங்கும் நாட்டு அதிகாரிகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். அறிக்கையைப் புரட்டிய நாத்தனார் நிமிர்ந்தாள்.

“அண்ணி, பதினேழுல மட்டும் டிக் இல்லையே? மறந்துட்டீங்களா?”

பச்சைப் பேனாவை நீட்டினாள். அந்த முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அண்ணியின் கை பேனா வரை போய்த் திரும்பியது. கையெழுத்தைப் பொய்யாகப் போட்டுவிட்டாள். இந்தச் சின்னக் கோடு வரமாட்டேன் என்றது.

“மறக்கல. அந்தக் கடிதம் இந்தக் கப்பலுக்குச் செல்லாது. நேத்தே பார்த்தேன்.”

“நேத்தேவா?”

பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்புறம் எப்படிம்மா கையெழுத்துப் போட்டீங்க?”

அண்ணி வாய் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். “கடிதத்தை மாத்தி வெச்சது நான் சார். புது அனுமதி வர்ற வரைக்கும் இன்னைக்கு யாரையும் தேர்வு பண்ண வேண்டாம். அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்.”

சொன்னாள். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். நின்று பதில் சொன்னாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அண்ணியை மறித்தாள். “ஏன் அண்ணி?”

“உன் நாற்காலிடி. வேற என்ன?”

“அதுக்காக, நான் விழறதைப் பார்க்க உக்காந்திருந்தீங்களா?”

அண்ணி ஆமாம் என்று தலையசைத்தாள். கண்ணீர் முட்டியது.

“வீட்டுல சொல்லமாட்டேன்,” என்றாள் நாத்தனார். “ஆனா இனிமே என் அறிக்கை உங்ககிட்ட வராது.”

அவள் விறுவிறுவென்று நடந்து போனாள். அண்ணி அங்கேயே நின்றாள். அத்தனை அழுகைக்கு நடுவிலும், அவளைப்போல நிமிர்ந்து நடக்கத் தனக்கு வரவில்லையே என்று மனம் வெந்தது.