சிவப்புக் குழாய்

துபாய் சத்வாவில் நாங்கள் குடியிருக்கும் பழைய வில்லாவில், கோடை முழுக்கச் சிவப்புக் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும். நீலக் குழாயைத் தொட முடியாது. மொட்டை மாடித் தொட்டி பகலெல்லாம் வெயிலில் காய்கிறது. அந்தத் தண்ணீர் நேராக நீலக் குழாய்க்கு இறங்குகிறது. அதனால் மே மாதம் வந்ததும் இந்த ஊரில் எல்லாரும் செய்வதை நாங்களும் செய்வோம். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவோம். குளியலறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கிடக்கும் ஹீட்டர் டேங்கில் தண்ணீர் ஏசிக் குளிரில் கிடந்து ஆறும். சுடவைக்க வாங்கிய பெட்டி, ஆறவைக்கிற பெட்டியாகிவிடும்.

மைனிக்கு இதுதான் துபாயின் முதல் பாடம். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. குமரிக் கடற்கரையில் அப்படித்தான் கூப்பிடுவோம். கோடை தொடங்கும்போது வந்தார். சிவப்பு குளிர், நீலம் சூடு என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆகஸ்டில் பெண்பிள்ளை பிறந்தது. அன்றிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டும் ஒவ்வொரு காலையும் மைனி வாளியில் நீலத்தைத் திறப்பார், கையை விட்டுப் பார்ப்பார், சூடு கூடுதலாகத் தெரிந்தால் சிவப்பைத் திறந்து ஆற்றுவார். யோசிக்காமல் கை தானே போகும் அளவுக்கு அது பழகிவிட்டது.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை மேல்தொட்டித் தண்ணீர் குளிர்ந்துவிட்டது. ஹீட்டர் சுவிட்சை மாஸ்டர்தான் போட்டார். அன்றோடு குழாய்கள் இடம் மாறிவிட்டன.

மாஸ்டர் பக்கத்து அறையில் இருப்பவர். பட்டுக்கோட்டைப் பக்கம். தேராவில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வீட்டுக் குத்தகை அவர் பெயரில்தான் இருக்கிறது. பெரிய அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சின்ன அறையில் அவர் படுத்துக்கொள்கிறார். குளியலறையும் அடுக்களையும் பொது. மைனி வந்த பிறகு அவர் வரவேற்பறையில் உட்காருவதைக்கூட விட்டுவிட்டார். நல்ல மனிதர். அதனால்தான் அவரோடு மோதுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மோதல் ஹீட்டருக்குள் சூட்டின் அளவை வைக்கும் ஒரு சின்னத் திருகைப் பற்றியது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எலக்ட்ரிக்கல் படித்துப் பட்டம் வாங்கினேன். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு மீன்பிடி வள்ளத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து, இப்போது ஜெபல் அலியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். "எங்க வீட்டு இஞ்சினியரு" என்று எல்லாரிடமும் இந்தத் தங்கையைக் காட்டுவான். ஆனால் என் கம்பெனியில் யாரும் என் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்ததில்லை. கட்டடப் பராமரிப்புக் கம்பெனி. நான் புகார் எடுக்கும் மேசையில் இருக்கிறேன். குளிர்காலம் பிறந்தால் நாள் முழுக்க ஹீட்டர் புகார்தான்: சுடவில்லை, அதிகம் சுடுகிறது, சத்தம் போடுகிறது. பிறகு டெக்னீஷியன் போய்ப் பார்ப்பான். மூடியைத் திறக்காமலே என்ன கோளாறு என்று சொல்லுமளவுக்கு நான் காதால் பழகியிருந்தேன்.

எங்கள் ஹீட்டர் சத்தம் போட்டது. கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்கு முன் வருமே, அந்தக் கொறகொற. உள்ளே சூடு மிக அதிகம், சூடேற்றும் கம்பியில் உப்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை மெயின் பெட்டியில் பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினேன். நினைத்தபடியே திருகு கடைசிக் கோட்டில் நின்றது. எழுபத்தைந்து டிகிரி. கம்பியைச் சுற்றி வெள்ளைக் காரை. வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை.

ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவரலாம் என்று சொன்னேன். அதற்குக் கீழே போகக்கூடாது, தண்ணீரில் கிருமி சேரும். அதற்கு மேலே தேவையில்லை. மேலே ஹீட்டர் நாள் முழுக்கச் சீலிங்கைச் சுடவைக்கிறது, பக்கத்து அறையில் ஏசி அதே சூட்டை வெளியே தள்ளுகிறது, இரண்டுக்கும் கரண்ட் நம்முடையது. இதைவிடப் பெரிய காரணத்தையும் சொன்னேன். எழுபத்தைந்து டிகிரித் தண்ணீர் பச்சைப்பிள்ளை மேல் பட்டால் கையை இழுக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

மாஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏம்மா இஞ்சினீரு, நீ சொல்றதெல்லாம் சரிதான். ஒரு நாளு எங்கூட வந்து கல்லு முன்னாடி நில்லு. அப்புறம் எத்தன டிகிரின்னு நீயே சொல்லு."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மதியம் இடைவேளையில் வீட்டுக்கு வருவார். முழங்கை வரை எண்ணெயும் மைதாவும் காய்ந்து ஒட்டியிருக்கும். நல்ல சூடு இல்லாமல் அது போகாது. சூட்டைக் குறைத்தால் டேங்கும் சீக்கிரம் தீரும். எழுபத்தைந்தில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு பச்சைத்தண்ணீர் கலந்து குளித்தவர்கள், ஐம்பத்தைந்தில் பாதிக்குப் பாதிதான் கலப்பார்கள். அதையும் நான் மறைக்கவில்லை. அவர் வரும் நேரத்துக்கு முன்னால் நாங்கள் யாரும் சுடுதண்ணீர் எடுக்கமாட்டோம் என்றேன். அவர் சரியென்று தலையை ஆட்டினார். அவர் கண் முன்னாலேயே ஐம்பத்தைந்துக்குத் திருப்பி மூடியைத் திரும்ப மாட்டினேன்.

அன்று மாலை அண்ணன் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டான். வீடு அவருக்க பேருல கெடக்கு என்று தொடங்கினான்.

"நாளைக்கு எறங்குன்னு சென்னாருன்னா இந்தப் பச்சப்பிள்ளைய வச்சிட்டு எங்க போவ? ஒனக்க படிப்ப ஆபீசுல காட்டு. இங்க மிண்டாம இரி."

வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறான். ஆபீசில் காட்ட விட்டால்தானே.

ஹீட்டரின் கொறகொற நின்றுவிட்டது. அந்த நிசப்தம் எனக்குப் பரிசு மாதிரி இருந்தது. அறையில் படுத்துக்கொண்டு அது கேட்கிறதா என்று கவனிப்பேன். கேட்காது. மைனியிடம் மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன், இனிமேல் சிவப்பு சூடு, சிவப்பு சூடு என்று. "அறியும் பிள்ள, நான் என்ன பொட்டியா?" என்பார். முட்டாள் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வாரோ என்று நானும் அதோடு விடுவேன். மாஸ்டர் மட்டும் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் முணுமுணுத்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை என்பார். கைக்குச் சுடவே இல்லை என்பார். ஐம்பத்தைந்து டிகிரி எப்படிச் சுடாமல் இருக்கும்? குறை சொல்வதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை. அண்ணன் டியூட்டிக்குப் போயிருந்தான். மாஸ்டருக்கு அன்று வார விடுப்பு. அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. மைனி பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியலறைக்குக் கொண்டுபோனார். நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிள்ளையோடு மைனி ஏதோ பேசும் சத்தமும். அதற்கு மேலே, சீலிங்கில், கொறகொற.

கையில் இருந்த துணியோடு நின்றுவிட்டேன். வேறெதுவாவது இருக்குமோ என்று ஒரு கணம் காதுகொடுத்தேன். அதேதான். யாரோ திருகைத் திருப்பியிருக்கிறார்கள்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ். வீட்டில் மாஸ்டர் இருக்கும் நாட்களில் மைனி தாழ் போட்டுக்கொள்வார்.

"மைனி, கதவத் தொறங்க."

"எப்படித் தொறக்க? பிள்ள கால்ல கெடக்கு. சோப்பு போட்டிருக்கேன்."

தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டி, நீட்டிய கால்மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவார். சோப்பு போட்ட பிள்ளையோடு எழுந்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். சிவப்பைத் திறந்தீர்களா என்று கேட்டேன்.

"வாளித் தண்ணி இம்புடு சூடாட்டு இருந்துது. அதான் ஆறட்டும்னு செவப்பத் தொறந்து விட்டிருக்கேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் சோப்புப் போடும் நேரம் முழுக்க அந்த வாளியைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். அடுத்தது கப்பில் மொண்டு பிள்ளை தலையில் ஊற்றுவதுதான்.

"மைனி, வாளியத் தொடாதீங்க. அது சூடு. தொடாதீங்க."

என்ன, என்றார். அந்த நேரம் பிள்ளை வீரிட்டு அழுதது. கப் தரையில் விழும் சத்தம். மைனி "எம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் குரல் இல்லை. பிள்ளையின் அழுகை மட்டும்.

கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். பிள்ளை மேல் பட்டதா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். கதவில் தோளைக் கொடுத்து மோதினேன். பழைய வில்லாவின் கனத்த கதவு, அசையவே இல்லை.

"எனக்க கால்ல பட்டுது," என்றார் கடைசியில். "பிள்ளைக்குக் கண்ணுல சோப்பு."

சிவப்பை மூடச் சொன்னேன். நீலத்தை மட்டும் திறந்து, கையால் அள்ளிப் பிள்ளைமேல் விடச் சொன்னேன். ஒவ்வொன்றையும் மெதுவாகச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. நீலத் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அழுகை விம்மலானது. எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு தாழ் விலகியது. மைனி பிள்ளையை என் கையில் தந்தார். தலையிலிருந்து கால்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மைனியின் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. அவரை உட்காரவைத்து அந்தக் காலில் நீலக் குழாயைத் திறந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். அவரிடம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. குத்தகை, அறை, அண்ணன் பேச்சு எதுவும் அப்போது நினைவில் இல்லை. நீங்கள்தானே திருப்பினீர்கள் என்று கேட்டேன். மறுக்கவில்லை. நேற்று ராத்திரி நீங்களெல்லாம் தூங்கிய பிறகு மூடியைக் கழற்றிச் சின்னக் கத்தியால் திருப்பினேன் என்றார். தண்ணி சுடவே இல்லையே என்றார் மறுபடியும். சொல்லிக்கொண்டே குனிந்து அந்த வாளிக்குள் கையை விட்டார்.

"இதுவா சூடு?" என்றார். "வெதுவெதுன்னுதானே இருக்கு."

வாளியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. மைனி என்னைப் பார்த்தார்.

"கைய எடுங்க மாஸ்டர்," என்றேன்.

எடுத்தார். கை சிவந்திருந்தது. தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. அவர் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, முழங்கையை வாளித் தண்ணீரில் வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"இருவது வருசமா கல்லுல கையப் போட்டுப் போட்டு எடுக்குறேன்," என்றார். "செத்துப்போச்சு போலருக்கு. அம்பத்தஞ்சுன்னு நீதான் பொய் சொல்றன்னு நெனச்சேன்."

நானும் அவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் கையையும் நீலக் குழாயின் கீழே இழுத்து வைத்தேன். ஒரே குழாயின் கீழே மைனியின் காலும் மாஸ்டரின் கையும். பிள்ளை என் தோளில் ஈரமாக விம்மிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மாஸ்டரே ஏணியைக் கொண்டுவந்து போட்டார். நான் பிரேக்கரை அணைத்து மூடியைத் திறந்து ஐம்பத்தைந்துக்குத் திருப்பினேன். டியூட்டி முடிந்து வந்த அண்ணன் நடந்ததைக் கேட்டுவிட்டு, மனைவியின் காலில் எழும்பிய கொப்புளத்தைக் குனிந்து பார்த்தான்.  பிறகு ஏணியை மாஸ்டர் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

எண்ணெய் பற்றிய பிரச்சினை தீரவில்லை. மாஸ்டர் கடலைமாவு பூசித் தேய்க்கிறார், தண்ணீர் வேகமாக அடிக்க ஷவருக்குப் பொடித்துளை உள்ள தலை வாங்கி மாட்டியிருக்கிறார், இருந்தாலும் போகவில்லை என்று இன்றும் முணுமுணுக்கிறார். திருகைத் தொடுவதில்லை.

அன்று ஏணியிலிருந்து இறங்கியதும் நான் இன்னொரு வேலையும் செய்தேன். குழாய்களின் நடுவில் பதித்திருந்த சிவப்புப் பொட்டையும் நீலப் பொட்டையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டேன். மே மாதம் வந்தால் ஹீட்டரை அணைப்போம், மறுபடியும் எல்லாம் மாறும். வருடத்தில் பாதி நாள் பொய் சொல்லுகிற நிறம் எங்களுக்கு எதற்கு?

பின்ன எது சூடு, எது பச்சை என்று எப்படி அறிய, என்று மைனி கேட்டார். தொட்டுப் பார்த்துத்தான் என்றேன்.

மாஸ்டர் குளியலறைக்குள் போகும்போது சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுப் போகிறார். முதலில் முழங்கை. அதுவும் சந்தேகமாக இருக்கும் நாட்களில் கதவைப் பாதி திறந்து என்னைக் கூப்பிடுகிறார். நான் விரலை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். சூடு என்றால் அவர் மறுபேச்சில்லாமல் இன்னொரு குழாயைத் திறக்கிறார்.