சூசைராஜ் ஓடி வந்தவர் இல்லை

சூசைராஜ் போய்விட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்த ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர். இன்று காலை, தூக்கத்திலேயே...

ஊரில் பாதிப் பேருக்கு அவரை "ஓடியாந்த பட்டாளம்" என்றால்தான் தெரியும். அந்தப் பெயர் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது. எழுதவே கை கூசுகிறது.

அறுபதுகளின் கடைசி. என் அக்காவுக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் கேட்பாரே, அதுதான்.

அப்போது அவர் கமாண்டோ டிரெயினிங்குக்குத் தானாகப் பெயர் கொடுத்துப் போயிருந்தார். எங்கள் நைனா வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் ஹவில்தார். கேட்கவா வேண்டும்? டீக்கடை, ரேஷன் கடை, ஒரு இடம் பாக்கியில்லை... "எம் மாப்ள கமாண்டோ!"

கல்யாணத்துக்கு லீவில் வந்த சூசைராஜ், யூனிஃபார்மைக் கூட மாற்றாமல், பெட்டியும் கையுமாக நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாமா, அங்கேர்ந்து என்னைத் திருப்பி அனுப்சிட்டாங்க. பழைய ரெஜிமெண்டுலதான் இருக்கறேன். மறச்சுப் பொண்ணு கட்டக்கூடாது, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லாமல் இருந்திருந்தால் செஞ்சியில் எவருக்குத் தெரிந்திருக்கும்?

அதுவரை வாய் நிறைய மாப்ள மாப்ள என்ற நைனா, ஒரே நிமிடத்தில் மாறிப்போனார்.

"திருப்பி அனுப்புறான்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணு திருடியிருக்கணும், இல்ல பயந்து ஓடியிருக்கணும். நீ இன்னாடா பண்ண, சொல்லு!"

நைனா பார்த்த டிரெயினிங் அப்படி. சேர்ந்தவனை அடித்து உதைத்தாவது சிப்பாயாக்கிவிடுவார்கள். நல்லவன் எவனையும் வெளியே விடமாட்டார்கள்.

சூசைராஜ் குரலே உயர்த்தவில்லை.

"அங்க அடிக்க மாட்டாங்க, கத்த மாட்டாங்க மாமா. மூட்டையத் தூக்கினு நடன்னுவாங்க. எவ்ளோ தூரம்னு சொல்ல மாட்டாங்க. ஓரமா நின்னு பாத்துக்கினே இருப்பாங்க. முடியலன்னா, ஒன் ரெஜிமெண்டுக்கே போன்னுவாங்க, அவ்ளோதான். முக்காவாசிப் பேரு திரும்பிட்டாங்க. எம் பட்டையக் கூட எடுக்கல, பாருங்க..."

சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் நைனா ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஓடியாந்துட்டான்."

அக்கா அழுதாள். அவள் பக்கம் பேச வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவளை அவலூர்பேட்டையில் கொடுத்தார்கள்.

சூசைராஜ் முழு சர்வீஸையும் முடித்து, பென்ஷனோடுதான் ஊருக்கு வந்தார். ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை.

பல வருடம் கழித்து, மாஜி ராணுவத்தார் கூட்டம் ஒன்றில் ஒரு ஆபீசர் நைனாவிடம் சொன்னாராம்... அந்த டிரெயினிங்குக்கு ஆளை எடுப்பதே பெரிய விஷயம், திரும்பி வருவதில் கேவலமே இல்லை என்று.

அன்று நைனா சாப்பிடவில்லை. அம்மாவிடம் மட்டும், "தப்புப் பண்ணிட்டேன்டி" என்றார். இரண்டு தெரு தள்ளி இருந்த மனிதரிடம் போய் அதைச் சொல்ல, சாகும்வரை அவருக்குக் கால் வரவில்லை.

இன்று பூமாலையோடு அவர் வீட்டுக்குப் போனேன். சூசைராஜின் மகன் ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைத்தான்.

"ஒங்க அக்காவதான் எங்க நைனாவுக்கு மொதல்ல பேசுனாங்களாமே. பட்டாளத்துக்காரன் பொழப்பு எப்ப இன்னா ஆவும்னு தெரியாது, அந்தப் பொண்ணு கஷ்டப்படக்கூடாது, நாந்தான் வேணாம்னுட்டேன்னு சொல்வாரு. ஓலை வாசிச்சப்புறம் நின்னு போச்சுன்னா, ஒங்க வீட்ல எவ்ளோ அவமானமா இருந்திருக்கும்... மனசுல வெச்சுக்காதீங்கம்மா. அவரு சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பெற்ற பிள்ளையிடம் கூட எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை அந்த மனிதர்.

வீடு நிறைய ஜனம். உண்மை தொண்டை வரை வந்தது...

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. இந்தப் பதிவை அவன் படிக்க வேண்டும்.

போய் வாருங்கள், சூசைராஜ். அங்கே எங்கள் நைனாவைப் பார்த்தால், தயவுசெய்து நீங்கள் முதலில் பேசிவிடாதீர்கள்.